டிரெய்லரில் ஒரு டீர் பிளைண்ட்: டெக்சஸில் முதல் சீசனுக்குத் தயாராகிறவர்களுக்கு

டெக்சஸ் நிலத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு தனியார் கையில் இருக்கிறது. அதனால் இங்கே மான் வேட்டை என்றால் பெரும்பாலும் ஒரு பண்ணைக்காரரிடம் லீஸ் எடுப்பதுதான் வழி. அந்த லீஸ் பல இடங்களில் ஒரு வருடக் கணக்கு. அடுத்த வருடம் அவர் தொகையை ஏற்றலாம், நிலத்தை விற்றுவிடலாம், மகனுக்கு வேண்டும் என்று சொல்லிவிடலாம். நீங்கள் காசு போட்டு, தோள் வலிக்கக் கட்டிய பரண், அதாவது மான் கண்ணில் படாமல் மறைந்து உட்காரும் டீர் பிளைண்ட், அங்கேயே நின்றுவிடும். அதே பரண் ஒரு டிரெய்லர் மேல் இருந்தால், பிக்கப்பின் ஹிட்சில் (பின்னால் இருக்கும் இழுவை இணைப்பில்) மாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

இன்னொரு காரணம் காற்று. இங்கே பெரும்பாலான நாட்களில் காற்று தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும். நவம்பரில் ஒரு குளிர் அலை இறங்கினால் சில மணி நேரத்துக்குள் அது வடக்குக் காற்றாகிவிடும். மானுக்கு மூக்குதான் காவல். நேற்று சரியாக இருந்த இடம் இன்று உங்கள் வாசனையை நேராக அதன் மூக்குக்கு அனுப்பும். நிலையான பரணில் இருப்பவர் அன்றைக்கு வேறு பரணுக்குப் போக வேண்டும் அல்லது வீட்டில் இருக்க வேண்டும். சக்கரம் இருப்பவர் மதியமே பிக்கப்பைக் கொண்டுபோய் இடம் மாற்றிக்கொள்வார்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் மேலே இருக்கும் பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்: என்ன பலகை, எத்தனை ஜன்னல், என்ன பெயிண்ட். பெட்டியைச் சுமாராகத் தச்சு வேலை தெரிந்த யாரும் கட்டிவிடலாம். அதற்குக் கீழே இருக்கும் அச்சு, டயர், ஊன்றுகால் ஆகியவற்றைப் பொறுத்துத்தான் உங்கள் உயிர் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் கீழேயிருந்து மேலே போவோம்.

முதலில் காகித வேலை

வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ இருக்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டம். அதில் சில விலக்குகள் உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது அவற்றில் ஒன்று. டெக்சஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். செப்டம்பரில் புதுப்பிக்க மறந்தால், அலமாரியில் இருக்கும் துப்பாக்கியே உங்களுக்கு எதிரான குற்றமாகலாம். துப்பாக்கி வாங்கும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அந்த ஒரு மணி நேரக் கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. வில் வேட்டைக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக்கல்விப் படிப்பை முடித்திருக்க வேண்டும். 17 வயது நிரம்பியவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம். லைசென்ஸும் விதிப்புத்தகமும் டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையிடம் கிடைக்கும். வெள்ளைவால் மானுக்கான பொது சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். வட மண்டலத்தில் ஜனவரி முதல் ஞாயிறு வரை, தென் மண்டலத்தில் மூன்றாம் ஞாயிறு வரை நடக்கும். உங்கள் கவுன்டிக்கு எத்தனை மான், கொம்பு அளவுக்குக் கட்டுப்பாடு உண்டா என்பதை ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பாருங்கள்.

டிரெய்லர் பிளைண்ட் தனியார் நிலத்துக்கான பொருள். பொது வேட்டை நிலங்களுக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிடலாம் என்று எண்ண வேண்டாம். அங்கே ஒவ்வோர் இடத்துக்கும் தனி விதி இருக்கிறது. வண்டியில் இருந்தபடி சுடுவதைப் பற்றியும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். டெக்சஸில் தனியார் நிலத்துக்குள் மானை வண்டியிலிருந்து வேட்டையாட அனுமதி உண்டு, பொதுச் சாலையிலிருந்தும் அதன் ஓரத்திலிருந்தும் கூடாது. எப்படியும் பிக்கப்பிலிருந்து டிரெய்லரைக் கழற்றி, அதை நன்றாக ஊன்றிய பிறகே உள்ளே ஏறுவது என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். வேறு மாநிலம் போனாலும் அந்தப் பழக்கம் காப்பாற்றும்.

எவ்வளவு உயரம் வேண்டும்?

வாங்குவதா கட்டுவதா என்ற கேள்விக்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். உயரத்தைத் தீர்மானிப்பது உங்கள் லீஸ் எங்கே இருக்கிறது என்பதுதான்.

டெக்சஸின் நடுவில் இருக்கும் ஹில் கன்ட்ரி பக்கம், லானோ, மேசன், கெர்வில் என்றால், நிலமே மேடும் பள்ளமுமாக இருக்கும். லைவ் ஓக்கும் சீடரும் இடைவெளி விட்டு நிற்கும். ஒரு மேட்டில் டிரெய்லரை நிறுத்தினால், தரையிலிருந்து 3 அடியில் பெட்டியின் தளம் இருந்தால் போதும், பார்வை 150 கஜம் வரை தாராளமாகப் போகும். தெற்கே கொட்டுலா, ஃப்ரீயர், லரேடோ பக்கம் போனால் கதை வேறு. சமதரை, ஆள் உயரத்துக்கு மேல் மெஸ்கீட் முள், சப்பாத்திக்கள்ளி. நடுவில் புல்டோசரால் வெட்டிய நீள வழிகள், அவற்றைச் சென்டெரோ என்பார்கள். அங்கே புதருக்கு மேலே தலை தெரிந்தால்தான் எதுவும் தெரியும். 8 அடி, 10 அடி உயரம் உண்மையிலேயே தேவைப்படுகிற இடம் அது.

என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். தளம் 4 அடிக்குள் இருக்கும் தாழ்வான பிளைண்டை நீங்களே கட்டுங்கள். தூக்கி இறக்கும் உயரமான பிளைண்ட் வேண்டுமென்றால் அதைக் கட்டாதீர்கள், அதற்கென்றே வடிவமைத்துத் தொழிற்சாலையில் செய்ததை வாங்குங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது.

மணிக்கு 50 மைல் வேகக் காற்று ஒரு செங்குத்துச் சுவர் மேல் சதுர அடிக்குச் சுமார் 6½ பவுண்ட் அழுத்தம் கொடுக்கும். 6 அடி நீளம், 6½ அடி உயரம் உள்ள பக்கச் சுவர் 39 சதுர அடி. தட்டையான பெட்டி வடிவம் காற்றை இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். ஆக 300 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். தளம் 10 அடியில் இருந்தால் அந்த 300 பவுண்ட் தரையிலிருந்து ஏறக்குறைய 13 அடி உயரத்தில் தள்ளுகிறது: 13 x 300, அதாவது 3,900 அடி-பவுண்ட். இதை எதிர்த்து நிற்பது வண்டியின் எடை. டிரெய்லரும் பெட்டியும் சேர்ந்து 1,700 பவுண்ட், ஊன்றிய அகலம் 5 அடி என்றால் அதன் பாதி 2½ அடி: 1,700 x 2½, அதாவது 4,250. ஏதோ நிற்கும் என்று தோன்றுகிறதா? காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 70 மைல் வேகத்தில் ஒரு வீச்சு அடித்தால் தள்ளுவது 7,600-ஐத் தாண்டிவிடும். டெக்சஸ் இடிமழைக்கு 70 மைல் ஒன்றும் அதிசயமில்லை. வண்டி கவிழ்ந்துவிடும்.

அதே பெட்டியின் தளத்தை 3 அடிக்கு இறக்குங்கள். இப்போது காற்று சுமார் 6 அடி உயரத்தில் தள்ளுகிறது. 50 மைலுக்கு 1,900-க்குள், 70 மைலுக்கு 3,700 அளவில் நிற்கும். எடை தாங்கிவிடும். இரண்டு பக்கமும் ஊன்றுகாலை வெளியே நீட்டி அகலத்தை 5-லிருந்து 10 அடியாக்கினால் தாங்கும் அளவு இரு மடங்காகும். உயரத்தைக் குறை, அகலத்தைக் கூட்டு: பொறியாளராக இருக்கிற நம்மவர்களுக்கு இது புதிதில்லை, ஆனால் தச்சு வேலையில் இறங்கியதும் மறந்துவிடுகிறோம்.

தயாரானதை வாங்குகிறவர்களுக்கு

ரெட்நெக், பேங்க்ஸ் அவுட்டோர்ஸ் போன்ற நிறுவனங்கள் ஃபைபர்கிளாஸிலும் பாலிஎத்திலீனிலும் பெட்டிகள் செய்கின்றன. மழைக்கு ஊறாது, கரையான் அரிக்காது, மரப்பெட்டியைவிட எடை குறைவு. ஒரு நல்ல பெட்டியை வாங்கி உங்கள் டிரெய்லரில் போல்ட் போட்டு இறுக்குவது நடுத்தர வழி. தச்சு வேலை வராதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

பழையது வாங்குவதாக இருந்தால் பிப்ரவரி, மார்ச்சில் தேடுங்கள். சீசன் முடிந்திருக்கும், லீஸை விட்டவர்கள் பிளைண்டை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். செப்டம்பரில் தேடினால் நீங்கள்தான் அவசரத்தில் இருப்பீர்கள்.

பார்க்கப் போகும்போது பெட்டியை விட்டுவிட்டுத் தரையில் படுங்கள். ஸ்பிரிங் தொங்கும் இடங்களில் துரு எப்படி இருக்கிறது, வெல்டிங்கில் விரிசல் உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம். டயரின் பக்கச் சுவரில் டிஓடி எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 3519 என்றால் 2019-இன் 35-ஆவது வாரம். ஆறு வருடத்துக்கு மேல் போன டயரைப் பட்டன் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். மானுக்காக வெயிலில் நிற்கும் டிரெய்லரின் டயர் ஓடித் தேய்வதற்கு முன்பே காய்ந்து வெடித்துவிடும்.

தூக்கும் அமைப்பு இருந்தால் விற்பவரையே ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். மேலே ஏற்றி அரை மணி நேரம் அப்படியே விடச் சொல்லி, இறங்கியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஹைட்ராலிக் சிலிண்டரோ வின்ச் கம்பியோ தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. மேலே போனதும் எஃகு ஊசிகள் துளையில் இறங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பூட்டு இல்லாத பிளைண்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பதிவுக் காகிதத்தில் இருக்கும் எண்ணும் டிரெய்லர் சட்டகத்தில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். டெக்சஸில் 4,000 பவுண்டுக்குள் மொத்த எடை உள்ள டிரெய்லருக்கு டைட்டில் (உரிமைப் பத்திரம்) கட்டாயமில்லை, ஆனால் பதிவு வேண்டும். கவுன்டி வரி அலுவலகத்தில் செய்துகொள்ளலாம்.

கட்டுகிறவர்களுக்கு: அடித்தளம்

நல்ல தொடக்கம் 5 x 8 அடி யூட்டிலிட்டி டிரெய்லர், 3,500 பவுண்ட் தாங்கும் ஒற்றை அச்சு. இவற்றில் பலவற்றில் மொத்த எடை வரம்பு 2,990 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அச்சின் திறனைப் பார்க்காதீர்கள், அந்த ஸ்டிக்கரில் உள்ளதுதான் உங்கள் வரம்பு. டெக்சஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டினால் டிரெய்லருக்கே பிரேக் வேண்டும். இந்த அளவில் கட்டினால் அந்தப் பேச்சே வராது.

வெட்டுவதற்கு முன்னால் எடைக் கணக்கு எழுதுங்கள். 5 x 6 அடிப் பெட்டி, சுவர் 6½ அடி என்றால் சுற்றளவு 22 அடி, 5 அல்லது 6 பலகை வேண்டும். 5/8 அங்குல டி1-11 (வெளிச்சுவருக்கான பிளைவுட்) பலகை ஒன்று 50 பவுண்டுக்கு மேல் வரும். தரைக்கு ¾ அங்குல பிளைவுட், சட்டத்துக்கு 2 x 4 மரம், கூரைத் தகடு, கதவு, ஜன்னல், நாற்காலி எல்லாம் சேர்த்தால் 900 முதல் 1,000 பவுண்ட் வரை போகும். ஆட்கள் இரண்டு பேர், துப்பாக்கி, பை என்று நின்ற இடத்தில் மேலும் 400. டிரெய்லரின் சொந்த எடையையும் கூட்டிப் பாருங்கள். வரம்புக்குள்தான் இருக்கும். பதப்படுத்திய மரம் ஈரத்தோடு வரும்போது சாதாரண மரத்தைவிட நன்றாகவே கனக்கும். தரைச் சட்டத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், சுவருக்கு வேண்டாம்.

பெட்டியை டிரெய்லரின் நடுவில் வைக்கத்தான் கை போகும். வைக்காதீர்கள். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்பக்க நாக்கில், அதாவது ஹிட்ச் பந்தின் மேல் இறங்க வேண்டும். 1,700 பவுண்ட் வண்டிக்கு 170 முதல் 255 பவுண்ட். குறைந்தால் வண்டி நெடுஞ்சாலையில் வால் ஆட்டத் தொடங்கும், அந்த ஆட்டம் பிக்கப்பையே பிடித்துத் திருப்பிவிடும். ஆகவே பெட்டியைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி, பின்னால் மிஞ்சும் 2 அடியைப் படியேறி நிற்கும் திண்ணையாக வைத்துக்கொள்ளுங்கள். கதவும் அங்கேதான். குளியலறை எடை மெஷின் மேல் ஒரு மரக்கட்டை வைத்து, அதன் மேல் நாக்கை, இழுக்கும்போது இருக்கும் அதே உயரத்தில் இறக்கினால் எடை தெரிந்துவிடும். பெட்டியின் மரச்சட்டத்தை மட்டும் ஏற்றியதும் ஒருமுறை, முடித்த பிறகு ஒருமுறை எடுங்கள். சட்டத்தை நகர்த்தலாம், முடிந்த பெட்டியை நகர்த்துவது பாடு.

டயர் எஸ்டி என்று தொடங்கும் டிரெய்லர் டயராக இருக்கட்டும். எஸ்டி 205/75 ஆர்15, லோட் ரேஞ்ச் சி என்பது இந்த அச்சுக்குப் பொருத்தம். ஒன்று 1,820 பவுண்ட் தாங்கும், காற்று 50 பிஎஸ்ஐ. தென் டெக்சஸ் லீஸ் என்றால் மெஸ்கீட் முள்ளுக்காக டயருக்குள் சீலன்ட் ஊற்றிவிடுங்கள். ஸ்டெப்னியும் பஞ்சர் பிளக் பெட்டியும் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பெட்டியை டிரெய்லர் சட்டத்தோடு ½ அங்குல போல்ட் போட்டுப் பிணையுங்கள், மூலைக்கு ஒன்றும் நீளப் பக்கங்களின் நடுவில் ஒன்றுமாக. டிரெய்லரின் மரத்தரையில் ஸ்க்ரூ அடித்துவிட்டு முடிந்தது என்று எண்ணாதீர்கள். மரத்தரை ஊறினால் ஸ்க்ரூ கையோடு வந்துவிடும்.

பெட்டிக்குள்

நீங்கள் உட்காரப் போகிற நாற்காலியை முதலில் வாங்குங்கள். தரை போட்டதும் அதில் உட்கார்ந்து, துப்பாக்கியைத் தோளில் வைத்து, முழங்கை எங்கே ஊன்றுகிறது என்று சுவர்ச் சட்டத்தில் பென்சிலால் குறியுங்கள். அதுதான் ஜன்னலின் கீழ் விளிம்பு. அடுத்தவர் சொன்ன அங்குலம் உங்களுக்குச் சரிவராது, துணைவியோ பிள்ளையோ கூட வருவதாக இருந்தால் அவர்களையும் உட்கார வைத்துப் பாருங்கள். உயரம் கூட்டிக் குறைக்கும் சுழல் நாற்காலி அதற்குத்தான். சக்கரம் வைத்த நாற்காலி சத்தம் போடும், வேண்டாம். வில்லுக்கு என்றால் நிற்க இடமும், மேலும் கீழும் நீண்ட ஒடுக்கமான ஜன்னலும் வேண்டும். அப்போது கூரையை 7 அடிக்கு உயர்த்த வேண்டியிருக்கும், காற்றுக் கணக்கையும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

உள்சுவர் முழுக்க மங்கலான கறுப்பு. ஒரு பக்கம் ஜன்னலைத் திறந்தால் எதிர்ப்பக்கம் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சத்துக்கு முன்னால் உங்கள் உருவம் நிழலாகத் தெரியும், கை அசைவது 100 கஜத்திலிருந்தே மானுக்குப் புரிந்துவிடும். வெளியே பழுப்போ பச்சையோ, மினுமினுப்பு இல்லாமல் இருந்தால் போதும். இலை இலையாக வரைந்து நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

சத்தம்தான் புதியவர்களின் சீசனைக் கெடுக்கிறது. தரைக்குக் கம்பளம், ஜன்னல் ஓடும் பள்ளத்தில் ஃபெல்ட் துணி, கீலுக்கு எண்ணெய், தகரக் கூரைக்கு அடியில் ஃபோம். எல்லாம் முடிந்ததும் நண்பர் ஒருவரை 50 கஜம் தள்ளி நிற்க வைத்து, நீங்கள் உள்ளே கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, துப்பாக்கியை நீட்டி, நாற்காலியைத் திருப்புங்கள். அவர் காதில் விழுந்ததை எல்லாம் சரிசெய்யுங்கள்.

ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலும் அந்தத் திசையில் என்ன இருக்கிறது என்று ஒரு சின்னப் படம் ஒட்டுங்கள்: பண்ணை வீடு, மாட்டுத் தொழுவம், வேலி, பக்கத்து லீஸ்காரரின் பரண். தாழ்வான பிளைண்டின் ஒரே பெரிய குறை இதுதான். உயரத்திலிருந்து சுட்டால் தோட்டா மண்ணில் இறங்கும். 3 அடியிலிருந்து சமதரையில் சுட்டால் தவறிய தோட்டா வெகுதூரம் போகும். பின்னால் மேடோ கரையோ இல்லாத திசையில் சுடாதீர்கள், அந்த ஜன்னலை ஆணி அடித்து மூடிவிட்டாலும் சரி. அடுத்தவர் எல்லையைத் தாண்டித் தோட்டா போவது, எழுத்து மூல அனுமதி இல்லாவிட்டால், டெக்சஸில் குற்றம். வண்டி இடம் மாறும்போதெல்லாம் இந்தப் படமும் மாற வேண்டும்.

செங்குத்து ஏணிக்குப் பதில் படியும் இரண்டு பக்கக் கைப்பிடியும் வையுங்கள். விடிகாலை இருட்டில், பனி படிந்த படியில், தடித்த உடுப்போடு ஏறுகிறோம். பலர் விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். துப்பாக்கியில் தோட்டா போடாமல் ஏறி உட்கார்ந்து, அதன் பிறகே நிரப்புங்கள். உயரமான பரணாக இருந்தால் துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி மேலே இழுங்கள்.

புரோபேன் ஹீட்டர் வைப்பவர்கள் இரண்டு எதிரெதிர் ஜன்னல்களையாவது விரல் அளவு திறந்து வைத்து, பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் மாட்டுங்கள். சத்தம் வராமல் இருக்க இடுக்கெல்லாம் அடைத்த பெட்டி இது. பிள்ளைகளோடு உட்காரும் இடம்.

சாலையில்

லீஸுக்குப் போகும் வழி பெரும்பாலும் மூன்று, நான்கு மணி நேரம். கிளம்பும் முன் ஹிட்ச் பந்தின் அளவும், அதைக் கவ்வும் நாக்கு முனையான கப்ளரின் அளவும் ஒன்றா என்று பாருங்கள். 1⅞ அங்குலப் பந்து 2 அங்குலக் கப்ளருக்குள் உட்கார்ந்ததுபோலவே தெரியும், முதல் பள்ளத்தில் கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலி சட்டப்படி வேண்டும். இரண்டையும் நாக்குக்கு அடியில் குறுக்காக மாட்டினால், ஒருவேளை கழன்றாலும் நாக்கு தரையைக் குத்தாமல் சங்கிலி மேல் விழும். பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் எரிய வேண்டும்.

அகலம் 8½ அடியையும் உயரம் 14 அடியையும் தாண்டக் கூடாது. தூக்கும் பிளைண்டை முழுக்க இறக்கி ஊசி போட்ட பிறகே நகர்த்த வேண்டும், வயலுக்குள் 50 அடி நகர்த்தினாலும் அப்படித்தான். பெட்டிக்குள் ஆளை வைத்து இழுப்பது எந்த வேகத்திலும் கூடாது. மணிக்கு 55 மைலைத் தாண்டாதீர்கள், பல டிரெய்லர் டயர்களின் வரம்பே 65 மைல்தான், பெட்டி பக்கக் காற்றை நன்றாகப் பிடிக்கும். முதல் 50 மைலில் நிறுத்தி வீல் நட்டுகளை மறுபடி முறுக்கி, சக்கரத்தின் நடுக் குடத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங்கில் கிரீஸ் இல்லாமல் இருக்கலாம்.

நிலத்தில் நிறுத்துவது

ஃபீடர் (மானுக்குத் தீனி போடும் கருவி) எங்கே, அன்றைய காற்று எங்கிருந்து, சூரியன் எங்கே, நீங்கள் நடந்து வரும் வழி எது: இந்த நாலும் ஒத்துப்போக வேண்டும். தெற்குக் காற்றுக்குப் பிளைண்ட் ஃபீடருக்கு வடக்கே, வடக்குக் காற்றுக்குத் தெற்கே. துப்பாக்கிக்கு 100 கஜம், வில்லுக்கு 20 முதல் 30 கஜம். காலை வேட்டைக்குக் கிழக்கு நோக்கிய ஜன்னலும், மாலைக்கு மேற்கு நோக்கியதும் கண்ணில் சூரியனை வாங்கித் தரும், அதனால் வடக்கோ தெற்கோ பார்த்து உட்காருவது நல்லது. நீங்கள் நடந்து வரும் பாதை ஃபீடரின் அருகே போனால் மற்ற மூன்றும் சரியாக இருந்தும் வீண்.

டிரெய்லரைக் கழற்றும் முன், தேருக்கு முட்டுக்கட்டை போடுவதைப் போல இரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். அப்புறம் பிக்கப்பை விலக்கி, நாக்கு ஜாக்கால் முன்பின் மட்டமும் மூலை ஜாக்குகளால் பக்கவாட்டு மட்டமும் பாருங்கள். ஜாக்குக்கு அடியில் ஒரு சாண் அகலப் பலகை வைத்தால் மழைக்குப் பின் மண்ணில் புதையாது. ஜாக்கால் டயரைத் தரையிலிருந்து தூக்காதீர்கள். டயர் எடையைத் தாங்கட்டும், ஜாக் ஆட்டத்தை நிறுத்தட்டும்.

பிறகு நங்கூரம். மண் இருக்கும் இடத்தில் 30 அங்குலத் திருகு நங்கூரம் நாலு மூலைக்கும், ராட்செட் பட்டையால் இறுக்கம். லானோ பக்கம் ஒரு சாணில் கிரானைட் வந்துவிடும், கெர்வில் பக்கம் சுண்ணாம்புக்கல், திருகு இறங்காது. அங்கே எடைதான் வழி. 55 காலன் பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் நிரப்பினால் 450 பவுண்டுக்கு மேல் வரும். இரண்டு பீப்பாய்களை அச்சை ஒட்டி இரு பக்கமும் தரையில் வைத்து, பட்டையால் டிரெய்லர் சட்டத்தோடு கட்டுங்கள். இடம் மாறும்போது திறந்து விட்டுவிடலாம். பண்ணைக்காரரிடம் குழாய் எங்கே என்று முன்பே கேட்டு வையுங்கள்.

மாடு மேயும் லீஸ் என்றால் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. மாடுகள் டிரெய்லரில் உடம்பைத் தேய்க்கும், விளக்கை உடைக்கும், ஒயரை மெல்லும், ஜாக்கைத் தள்ளிவிடும். சுற்றிலும் நாலு கேட்டில் பேனலை (மாட்டு வேலிக்கான கம்பித் தட்டியை) நிறுத்திக் கட்டுங்கள். மாட்டுப் பண்ணையில் ஒரு நன்மையும் உண்டு: அங்கே மான்கள் டிரெய்லரையும் டிராக்டரையும் பார்த்துப் பழகியவை. புதிய பெட்டிக்குச் சீக்கிரமே அஞ்சாமல் வந்துவிடும். மற்ற இடங்களில் சீசனுக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்திவிடுங்கள், பிறகு நகர்த்துவது எல்லாம் சின்னச் சின்ன நகர்த்தல்களாக இருக்கட்டும்.

சீசன் முடிந்ததும் உயரமான பிளைண்டை இறக்கிவிட்டே வீட்டுக்குப் போங்கள், வசந்தகால இடிமழைகள் அதற்குப் பின்தான் வருகின்றன. கப்ளர் பூட்டும் சக்கரப் பூட்டும் போடுங்கள். பேட்டரி, ஹீட்டர், நாற்காலி எல்லாம் வீட்டுக்கு வரட்டும். வரும் செப்டம்பரில் முதல்முறை கதவைத் திறக்கும்போது வெளியே நின்று, நீளக் கம்பால் தள்ளித் திறங்கள். சிவப்புக் குளவி கூரைக்கு அடியில் கூடு கட்டியிருக்கும், மூலையில் கருப்பு விதவைச் சிலந்தி இருக்கும், படிக்கு அடியில் நிழல் தேடி ராட்டில்ஸ்னேக் சுருண்டிருக்கலாம். குளவி மருந்தை வெளியிலிருந்தே அடித்து, அரை மணி நேரம் காத்திருந்து, டார்ச்சோடு உள்ளே போங்கள்.